சூடு பார்க்கத் தெரிந்தவள்

என் கொழுந்தியாள் மேல் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. ஏழு வருஷமாகிறது, இன்னும் ஆறவில்லை. நான் செய்த தப்பை, நாலு பேர் பார்க்க, "என் தப்பு" என்று சொல்லி அவள் எடுத்துக்கொண்டாள். என் பொருள் எதையாவது எடுத்திருந்தால் சண்டை போட்டு வாங்கியிருப்பேன். தப்பை எடுத்துக்கொண்டவளிடம் எப்படித் திருப்பிக் கேட்பது?

யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். "தப்பிச்சோம்னு இருக்காம இதுக்கு ஒரு மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு" என்பாள் என் வீட்டுக்காரி. தங்கச்சி பேச்சு வந்தால் அவள் நியாயம் ஒரு பக்கமாகத்தான் சாயும். அதனால் எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். உட்கார்ந்தால், வருத்தத்தை எழுதுவதற்கு முன்னால் அவளைத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

கார்களுக்கு ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபயரும் மாட்டுகிற கடை என்னுடையது. ஒரு ஷட்டர், உள்ளே ஒரு வண்டி நிற்கிற இடம், சுவர் முழுக்க வயர்ச் சுருள். ஏழாம் வகுப்போடு நானும் பள்ளிக்கூடமும் பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டோம். அப்புறம் படித்ததெல்லாம் காது வழியாகத்தான். ஒரு ஸ்பீக்கர் பாடும்போதே அதன் வயரை மாற்றி மாட்டியிருக்கிறார்களா என்று சொல்லிவிடுவேன். தற்பெருமை இல்லை, எங்கள் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

அவளுக்குக் காது சுமார்தான். ஆனால் சூடு தெரியும். பதினாறு வருஷம் ஒரு ஃப்ரிட்ஜ் கம்பெனியின் ரிப்பேர் பிரிவில் இருந்தவள். புறங்கையை ஒரு இரும்பின் மேல் வைத்து "நாற்பத்து நாலு" என்பாள். தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தால் நாற்பத்து மூன்று காட்டும். "தெர்மாமீட்டரை மாத்துங்க" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவாள்.

கெட்டுப்போனால் ஜனங்கள் புதுசு வாங்கிக்கொள்ளட்டும் என்று கம்பெனி ஒருநாள் அந்தப் பிரிவையே மூடிவிட்டது. வெளியே வரும்போது அவள் கையில் இருந்தது ஒரு பிளையர், கரண்ட் பார்க்கிற ஒரு மீட்டர், ஒரு பிளாஸ்டிக் டிராயர் பெட்டி. அங்கே எல்லாக் கருவியும் எல்லாருக்கும் பொதுவாம். காலையில் வைத்த ஸ்பேனர் மத்தியானம் எவன் கையில் இருக்கும் என்று தெரியாதாம். வீடும் அப்படித்தான். இரண்டு அறையில் மாமியார், கொழுந்தன் குடும்பம், இவள். வீட்டுக்காரர் தூரத்து லாரி ஓட்டுகிறவர், மாசத்துக்கு நாலு நாள் வந்து அதில் மூன்று நாள் தூங்குவார். அவள் பீரோவின் சாவி கல்யாணமான வருஷமே தொலைந்துபோனது. அந்த வீட்டில் யாரும் தேடவில்லை.

"அத்தான், இந்த வயசு வரைக்கும் என் கையால பூட்டுன கதவு ஒண்ணுகூட இல்ல" என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னாள். "ஒரு ரூம் வேணும். சின்னதா இருந்தாப் போதும். உள்ள வெச்சது வெச்ச இடத்துல இருக்கணும்."

"கதவைப் பூட்டிக்கிட்டு உள்ள என்ன தங்கமா உருக்கப் போறே?" என்றேன்.

"என்ன வேணா உருக்குவேன். உங்களுக்கு எதுக்கு?"

வீட்டுக்காரி கேட்டுக்கொண்டதால் என் கடையில் ஒரு மூலையில் மேசை போட்டுக் கொடுத்தேன். மூன்றே நாளில் அவள் பிளையர் என் மேசைக்கு வந்துவிட்டது. அவள் அதன் கைப்பிடியில் சிவப்பு டேப் சுற்றினாள்.

"அத்தான், இது என் பிளையர்."

"எல்லாம் நம்ம கடைப் பொருள்தானேம்மா."

"உங்க கடை நம்ம கடைதான். பிளையர் என்னுது."

அந்தக் காலத்தில் நான் ஆம்ப்ளிஃபயருக்கு ஃபேன் மாட்டுகிற விதம் ரொம்ப எளிது. ரேடியோவிலிருந்து ஆம்ப்ளிஃபயரை எழுப்ப ஒரு மெல்லிய நீல வயர் வரும். இரண்டு ஃபேனையும் அந்த வயரிலேயே முடிந்துவிடுவேன். ஆம்ப்ளிஃபயர் எழுந்தால் ஃபேனும் சுற்றும். அப்பப்போ ஒருத்தர் வந்து ரேடியோ செத்துவிட்டது என்பார். ரேடியோக்காரனைத் திட்டிவிட்டுப் புது ரேடியோ மாட்டுவேன்.

அவள் வந்த முதல் வாரம் இதைப் பார்த்தாள். நீல வயரை விரலால் தொட்டுத் தூக்கினாள்.

"அத்தான், இது சேதி சொல்ற வயர். இதைப் போய் மூட்டை தூக்கச் சொல்றீங்களே."

"பத்து வருஷமா தூக்குது."

"பத்து வருஷமா எத்தனை ரேடியோ மாத்துனீங்க?"

செத்த ரேடியோக்கள் கிடந்த பெட்டியைக் காலால் மேசைக்கடியில் தள்ளினேன்.

அவள் கட்டுகிற விதம் இது. பேட்டரியிலிருந்து ஒரு தடித்த வயர், பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ். அந்த வயர் ரிலேவுக்குள் போய், ரிலே வழியாக ஃபேனுக்குப் போகும். ரிலே என்பது தீப்பெட்டி அளவு ஒரு கறுப்புப் பெட்டி, உள்ளே ஒரு சுருளும் ஒரு நாக்கும். சுருளுக்குக் கொஞ்சம் கரண்ட் வந்தால் நாக்கு 'டக்'கென்று ஒட்டி, பெரிய கரண்டைப் போக விடும். அந்தச் சுருளின் ஒரு முனை நீல வயரில். அது சேதி மட்டும் சொன்னால் போதும். மறு முனையை அவள் நேராக வண்டியின் இரும்பு பாடியில் இணைக்க மாட்டாள். நடுவில் ஒரு சூட்டு சுவிட்ச் வைப்பாள். சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிய தகரத் தொப்பி, பின்னால் இரண்டு கால். அதை ஆம்ப்ளிஃபயரின் அலுமினிய முதுகில், சூட்டைக் கடத்துகிற வெள்ளைப் பசை தடவி இறுக்குவாள். முதுகு ஐம்பது டிகிரிக்கு வந்தால் சுவிட்ச் சேரும், ரிலே தட்டும், ஃபேன் ஓடும். நாற்பதுக்கு இறங்கினால் தானாக நிற்கும்.

"எப்பவும் ஓடுனா என்ன?" என்று கேட்டேன்.

"எப்பவும் ஓடுனா எப்பவும் தூசி இழுக்கும். வேணுங்கறப்போ மட்டும் ஓடுனா ஃபேனுக்கும் ஆயுசு, உங்க காதுக்கும் நிம்மதி."

ஒவ்வொரு சுவிட்சையும் மாட்டுவதற்கு முன்னால் பிளாஸ்டிக் தாளில் சுற்றி, வெந்நீர் டம்ளரில் தொப்பியை முக்கி, மீட்டரை வைத்து, எத்தனையில் சேருகிறது என்று பார்ப்பாள். நான் கேலி செய்வேன். "என்னம்மா, வெந்துச்சா?" என்பேன். "உங்களைவிடச் சீக்கிரம் வேகுது" என்பாள். ஆறு மாசத்தில் கடைக்கு வருகிறவர்கள் என்னைத் தாண்டி மூலை மேசைக்குப் போக ஆரம்பித்தார்கள். 'ஃப்ரிட்ஜம்மா' என்று பேரும் வைத்துவிட்டார்கள்.

அப்படி வந்தவர்தான் மைக்காரர். கூரையில் குழாய் ஸ்பீக்கர் கட்டி, கடை திறப்பு, தள்ளுபடி, தண்ணீர் வராத நாள் என்று தெருத்தெருவாக அறிவித்துக்கொண்டு போகிற வேன் அவருக்கு ஐந்து. பின்சீட்டுக்குக் கீழே பலகைப் பெட்டியில் ஆம்ப்ளிஃபயர். வெயில் ஏறினால் பெட்டி அடுப்பாகிவிடும். மத்தியானமானால் சிவப்பு விளக்கு எரிந்து ஆம்ப்ளிஃபயர் வாயை மூடிக்கொள்ளும். அரை மணி நேரம் ஊமை. அறிவிப்புக் கொடுத்த கடைக்காரர் அந்த அரை மணியில்தான் வாசலில் வந்து நின்று காதைத் தீட்டுவார்.

மைக்காரர் பெட்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"ஒரு வண்டி பண்ணும்மா. ஒரு நாள் முழுக்க, காலையில எட்டுலேருந்து சாயங்காலம் ஆறு வரைக்கும் நிக்காம பேசணும். பேசுச்சுன்னா அஞ்சு வண்டியும் உனக்கு. என் காரேஜை ஒட்டி ஒரு ஷெட் சும்மா கெடக்கு. கதவு இருக்கு, பூட்டு இருக்கு, கரண்ட் இருக்கு. வண்டிங்களைப் பாத்துக்கிட்டு நீயே வெச்சுக்கோ."

"நின்னுச்சுன்னா?"

"நின்னுச்சுன்னா நான் வேற ஆளைப் பாக்கறேன். ஒரு தடவைதான்."

அவள் தலையை ஆட்டினாள். 'பூட்டு இருக்கு' என்று அவர் சொன்னபோது அவள் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவர் ஒரு நொடி நின்றது. நான் பார்த்தேன்.

இரண்டு நாள் வேலை. பலகைப் பெட்டியின் கீழ்ப்பக்கம் குளிர்ந்த காற்று வர ஒரு ஓட்டை, மேல்பக்கம் சூடு போக ஒரு ஓட்டை, அதில் இரண்டு ஃபேன். வயரையெல்லாம் பின்னி, மடக்கி, கட்டி வைத்தாள். உண்மையைச் சொல்கிறேன், அத்தனை சுத்தமான வேலை என் கடையிலிருந்து அதற்கு முன்னால் போனதில்லை. மறுநாள் காலை எட்டு மணிக்கு வண்டி எடுக்க வருவார்கள். "மாமியாரை ஆஸ்பத்திரில காட்டிட்டு ஒன்பதுக்கு வந்துடறேன். சாவியை மட்டும் குடுங்க, வேற ஒண்ணும் பண்ண வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இனி வருவது என் பெருமைக்கு உகந்தது இல்லை.

எட்டு மணிக்கு மைக்காரர், அறிவிப்பு படிக்கிற டிரைவரோடு வந்தார். ஆம்ப்ளிஃபயரைப் போட்டார். டிரைவர் இரண்டு தடவை "ஹலோ ஹலோ" சொன்னான். பெட்டியைத் திறந்து பார்த்தால் ஃபேன் இரண்டும் அசையாமல் நிற்கிறது.

"என்னய்யா, சாமான் செத்துப்போச்சா?"

"சூடானாத்தான் ஓடும் சார்."

பத்து நிமிஷம் சத்தமாக ஓட விட்டோம். முதுகைத் தொட்டேன். கை சுட்டது. ஃபேன் ஓடவில்லை.

"ஓடாத ஃபேனை வெச்சுக்கிட்டு நான் காத்தா வாங்கறது?" என்றார் அவர். டிரைவர் சிரித்தான். எனக்குச் சுருக்கென்றது. இருபது வருஷக் கடை, என் வாசலில் வைத்துச் சிரிக்கிறான்.

சுவிட்சின் இரண்டு காலையும் ஒரு துண்டு வயரால் சேர்த்துப் பார்த்தேன். ஃபேன் ஓடியது. சரி, வயரிங் நன்றாக இருக்கிறது, சுவிட்ச்தான் போய்விட்டது என்று நானே தீர்ப்பு எழுதினேன். அவளுடைய டிராயர் பெட்டியைத் திறந்தேன். அதே தொப்பி, அதே இரண்டு கால், மேலே அதே 'ஐம்பது'. பழையதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுவிட்டுப் புதியதை மாட்டினேன். மாட்டின நொடியே ஃபேன் ஜம்மென்று சுற்றியது.

"பாத்தீங்களா?" என்றேன், நானே கண்டுபிடித்த மாதிரி.

"அப்படிச் சொல்லுங்க!" என்று மைக்காரர் என் தோளில் தட்டிவிட்டு வண்டியை எடுத்தார்.

ஒன்பது மணிக்கு அவள் வந்தாள். "ஃபேன் ஓடுச்சா?"

"ஓடுச்சு, ஓடுச்சு."

"இங்கயேவா? இந்நேரத்துக்கு அம்பது வந்திருக்காதே."

"கையை வெச்சுப் பாத்தேன், நல்ல சூடு."

"உங்க கைக்கு எது சூடு இல்ல?" என்றாள். ஆனால் சிரிக்கவில்லை. டிராயர் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். பையிலிருந்த சுவிட்சைப் பற்றி அப்போதே சொல்லியிருக்கலாம். நான் ஒரு வயர்ச் சுருளை எடுத்து அவிழ்க்க ஆரம்பித்தேன்.

பன்னிரண்டே முக்காலுக்கு போன். வண்டி பெரிய கடைத்தெரு முனையில் ஊமையாகி நிற்கிறது. என் ஸ்கூட்டரில் இரண்டு பேரும் போனோம்.

மைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். டிரைவரும் பக்கத்துக் கடைக்காரர்கள் இருவரும் வேடிக்கை பார்த்தார்கள். அவள் பெட்டியைத் திறந்தாள். சிவப்பு விளக்கு. ஃபேன் சுற்றவில்லை. முதுகில் புறங்கையை வைத்து உடனே எடுத்தாள். சுவிட்சைப் பார்த்தாள். சுற்றிலும் வெள்ளைப் பசை இல்லை. தான் மாட்டினது இல்லை என்று அவளுக்கு அங்கேயே தெரிந்திருக்கும். அதைக் கழற்றி, டிரைவரின் குளிர்ந்த தண்ணீர் பாட்டிலில் தொப்பியை அழுத்திப் பிடித்தாள். கொஞ்ச நேரத்தில் ரிலே 'டக்'. ஃபேன் சுற்றியது.

"அட, ஓடுது!" என்றான் டிரைவர்.

"குளுந்தா ஓடுது. சூடானா நிக்குது" என்றாள் அவள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தொப்பியில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று சூட்டில் சேருவது, இன்னொன்று சூட்டில் பிரிவது. பார்வைக்கு ஒரே அச்சு. அவள் டிராயரில் ஃப்ரிட்ஜ் காலத்துப் பழைய, பிரிகிற ஜாதியும் கிடந்திருக்கிறது. எந்தத் தடுப்பில் எது என்று அவளுக்குத் தெரியும். மற்றவன் கை அங்கே போகும் என்று அவள் ஏன் எதிர்பார்க்கப் போகிறாள்? காலையில் நான் பார்த்து மகிழ்ந்தது தவறான சுவிட்ச் சுற்றிய ஃபேன். அவளுடையது நல்ல சுவிட்ச். நாற்பது டிகிரியிலேயே சுட்டுவிடுகிற என் கையைத்தான் அது நம்பவில்லை.

அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். நான் வேனின் பின்டயரைப் பார்த்தேன். நல்ல டயர், காற்று சரியாக இருந்தது.

"என்னம்மா ஆச்சு?" என்றார் மைக்காரர்.

"என் தப்பு சார். சுவிட்சு மாறிப்போச்சு."

"ஒரு தடவைதான்னு சொன்னேன்."

"சொன்னீங்க. மாறினது சுவிட்சுதான், வயரிங் இல்ல. நாளைக்குன்னு கேக்கல சார். இப்பவே மாத்தறேன். இப்ப மணி ஒண்ணு. காலையில எட்டு மணி வெயில்ல ஓடறதைக் காட்டறதுல என்ன இருக்கு? இந்த வெயில்ல, வண்டியை நிழல்ல விடாம, ஆறு மணி வரைக்கும் பேசச் சொல்லுங்க. நடுவுல ஒரு வார்த்தை முழுங்குனாக்கூட ஷெட் வேணாம், நானே எல்லாத்தையும் கழட்டிட்டுப் போயிடறேன்."

அவர் வானத்தைப் பார்த்தார். சூரியன் உச்சந்தலையில் நின்றது. "சரி" என்றார்.

அவள் பெட்டிக்குள் குனிந்தாள். குனிந்தபடியே ஒரு கையைப் பின்னால் நீட்டினாள், உள்ளங்கையை விரித்து. "குடுங்க" என்றாள், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. சட்டைப் பையிலிருந்து சுவிட்சை எடுத்து அந்தக் கையில் வைத்தேன். என் பையில் பட்டாணி அளவு வெள்ளைப் பசைக் கறை. பார்த்திருக்கிறாள்.

இருபது நிமிஷத்தில் மாட்டி முடித்தாள். அப்புறம் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து என்னையும் உட்காரச் சொன்னாள்.

"நான் எதுக்கு?"

"தெர்மாமீட்டரைப் படிச்சுச் சொல்லுங்க. வேற எதையும் தொடாதீங்க."

வண்டி கிளம்பியது. டிரைவர் ஏதோ செருப்புக் கடையின் தள்ளுபடியைக் கத்திக்கொண்டே போனான். நான் நாற்பத்தைந்து, நாற்பத்தேழு என்று படித்தேன். நாற்பத்தொன்பது. ஐம்பது என்று சொல்ல வாயைத் திறக்கும் முன்னே 'டக்'. ஃபேன் எழுந்தது. மேல் ஓட்டையிலிருந்து சூடு என் முழங்காலில் அடித்தது. அந்த மாதிரி ஒரு சுகமான அனல் என் ஜென்மத்தில் பட்டதில்லை. ஐம்பத்து நாலு வரை ஏறிவிட்டு அதற்கு மேல் போக மனசில்லாமல் நின்றது. நாலரை மணிக்கு மெல்ல இறங்கியது. நாற்பதில் ஃபேன் தானாக ஓய்ந்தது, மறுபடி ஏறியபோது தானாக எழுந்தது. செருப்புக் கடை அறிவிப்பு எனக்கு இன்றைக்கும் மனப்பாடம். ஒரு வார்த்தை முழுங்கவில்லை.

ஆறு மணிக்கு மைக்காரர் ஆம்ப்ளிஃபயரின் முதுகில் கையை வைத்துப் பார்த்தார். சாவிக் கொத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்றி அவளிடம் கொடுத்தார்.

திரும்பி வருகிற வழியில் ஸ்கூட்டரை ஓரம் கட்டினேன்.

"ஏன் அப்படிச் சொன்னே? என் தப்பைச் சொல்லிக்க எனக்கு வாய் இல்லையா?"

"இருந்துச்சே. அப்போ எங்க போச்சு? நான் பாத்துக்கிட்டே நின்னேனே."

"சொல்லத்தான் போனேன்."

"டயர்கிட்டயா?"

அவளே தொடர்ந்தாள். "அங்க ரெண்டு பேரும் நீயா நானான்னு நின்னா அந்த மனுஷன் யாரை நம்புவாரு? அவருக்கு எவன் பண்ணுனான்னு தேவையில்ல. வண்டி பேசுதான்னுதான் தேவை. எடுங்க வண்டியை, மாமியாருக்கு மருந்து குடுக்கணும்."

மறுநாள் நான் மைக்காரரிடம் போய் உள்ளதைச் சொல்லிவிடலாம் என்று கிளம்பினேன். அவர் ஏற்கெனவே மற்ற நாலு வண்டியையும் வரிசையாக நிறுத்தி வைத்துக்கொண்டு அவளுக்காகக் காத்திருந்தார். என்னைப் பார்த்ததும், "உங்க கொழுந்தியா தப்பை ஒத்துக்கிட்டுது பாருங்க, அந்தத் தைரியத்துக்குத்தான் சாவியையே குடுத்தேன்" என்றார். டீ வாங்கிக் கொடுத்தார், குடித்துவிட்டு வந்தேன். அந்த டீ இன்னும் ஜீரணமாகவில்லை.

இப்போது அந்த ஷெட்டில் வேன் மட்டும் இல்லை, ஆம்புலன்ஸ், பள்ளிக்கூட பஸ், எங்கெங்கிருந்தோ கார்கள் எல்லாம் நிற்கின்றன. சூடு சம்பந்தப்பட்டதென்றால் நானே வண்டியை அங்கே அனுப்பிவிடுகிறேன். அவளும் பாட்டு சம்பந்தப்பட்டதை இங்கே அனுப்புகிறாள். அங்கே போனால் வாசலில் உட்கார வைத்துத்தான் பேசுவாள். இந்த ஏழு வருஷத்தில் என்னிடம் ஒரு உதவி கேட்டதில்லை. ஒரு நட்டு கேட்டதில்லை.

கடைசியாகக் கேட்டது, ஷெட்டுக்குக் குடிபோன அன்றைக்கு. மூலை மேசையை நான்தான் வேனில் ஏற்றிக் கொண்டுபோய் இறக்கினேன். அவள் பிளையரை ஆணியில் மாட்டினாள். மீட்டரை வைத்தாள். டிராயர் பெட்டியைச் சுவரோடு நகர்த்தினாள். அப்புறம், "அத்தான், கொஞ்சம் வெளியில போங்க" என்றாள்.

போனேன். தகரக் கதவைச் சாத்தினாள். உள்ளே சாவி ஒரு தடவை சுற்றியது, இரண்டாம் தடவை சுற்றியது.

"தள்ளிப் பாருங்க" என்றாள் உள்ளேயிருந்து.

கையால் தள்ளினேன்.

"அப்படி இல்ல. தோளைக் குடுத்து, நல்லாத் தள்ளுங்க."